வூல்ஸ்தார்ப் வீட்ல யார் யார் இருந்தாங்க: மூணு நாள் டைரி

நாள் 1, ராத்திரி

மொதல்ல உண்மைய சொல்லிடறேன், இன்னைக்கு விஞ்ஞானி ஐசக் நியூட்டன் பொறந்த அந்த வீட்டுக்கு நானும் சித்தப்பாவும் போய் சேரவே இல்ல. லண்டன் கிங்ஸ் கிராஸ்ல இருந்து கிரந்தத்துக்கு ரயில்ல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அதெல்லாம் கரெக்டா தான் நடந்துச்சு (ஊர் பேரு காதுக்கு அப்படியே கிரந்த எழுத்து மாதிரி தான் விழுது, சித்தப்பா ரயில்ல இருந்தே அத சொல்லி சொல்லி சிரிச்சிட்டு வந்தார்). டாக்ஸி புடிச்சி நான் போன்ல மேப்ப காட்டினேன், அவரும் மேப் சொன்ன எடத்துக்கே கொண்டு போய் விட்டார். எறங்கி பாத்தா ஒரு குன்று மேல பெரிய கோட்டை, கீழ அழகான சின்ன கிராமம், நியூட்டன் பேரே யாருக்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஒரு அமைதி. விஷயம் என்னன்னா கிரந்தத்த சுத்தி ரெண்டு வூல்ஸ்தார்ப் இருக்கு. நான் டைப் பண்ணது வூல்ஸ்தார்ப் பை பெல்வாய்ர், எழுத்து அப்படி, வாயில சொல்றது பீவர். போக வேண்டியது வூல்ஸ்தார்ப் பை கோல்ஸ்டர்வர்த். ஒண்ணு ஊருக்கு மேற்க, ஒண்ணு தெக்க. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, கோட்டைய ஒரு தடவ பாத்துட்டு "இது பண்ணைவீடு மாதிரி தெரியலயேடா"ன்னார், அவ்ளோதான்.

சித்தப்பாவ பத்தி ஒரு வரி. வாழ்நாள் பூரா வயக்காடு மாடு கன்னுன்னே இருந்த மனுஷன். மியூசியம்னா வர மாட்டேன்னார், அரண்மனைன்னா கால் வலிக்கும்னார், பழைய பண்ணைவீடு ஒண்ணு இருக்கு சித்தப்பா, ஆடு மாடு வச்சிருந்தவங்க வீடுன்னு சொன்னதுக்கு அப்புறம் தான் கெளம்பினார். அங்க இருந்தவரு நியூட்டன்ங்கறத ரயில் ஏறினதுக்கு அப்புறம் தான் சொன்னேன்.

மிச்ச நேரத்துக்கு கிரந்தத்தயே சுத்தினோம். நியூட்டனுக்கு 1858ல வச்ச வெண்கல சிலை ஒண்ணு ஊர் நடுவுல நிக்குது. முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் பொறந்ததும் இதே ஊரு தான், மளிகைக்கடைக்காரர் பொண்ணு, அவங்களுக்கும் 2022ல சிலை வச்சிட்டாங்க. ஆனா எனக்கு பாக்கணும்னு இருந்தது பள்ளிக்கூடம். கிங்ஸ் ஸ்கூல், செயின்ட் வுல்ஃப்ரம் சர்ச்சு பக்கத்துலயே, அந்த சர்ச்சு கோபுரம் 280 அடிக்கு மேல, ஊர்ல எங்க நின்னாலும் தெரியுது. நியூட்டன் 12 வயசு வாக்குல இங்க படிக்க வந்தப்ப சன்னல் திண்டுல தன் பேர செதுக்கி வச்சது இன்னும் இருக்கு. பள்ளிக்கூடம் இன்னைக்கும் நடக்குது, நெனச்ச நேரத்துக்கு உள்ள விட மாட்டாங்க, வெளிய நின்னு கல் சன்னல பாத்துட்டு வந்தோம். படிக்கறப்ப நியூட்டன் தங்கினது கிளார்க்னு ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்ல. அங்க இருந்தப்ப சின்ன காத்தாலை ஒண்ணு செஞ்சி, காத்து இல்லாத நேரத்துல சுத்தறதுக்கு உள்ள எலிய விட்டு ஓட வச்சானாம், அந்த எலிக்கு மில்லுக்காரன்னு பேரு. மாவு அரைக்கற காத்தாலை ஒண்ணு நெஜமாவே பக்கத்துல கட்டிட்டு இருந்திருக்காங்க, பையன் போய் நின்னு நின்னு பாத்திருக்கான். இத ஞாபகம் வச்சிக்கங்க, நாளைக்கு வேணும்.

நாள் 2

இன்னைக்கு சரியான வூல்ஸ்தார்ப். கிரந்தத்துல இருந்து தெக்க ஏழெட்டு மைல். ஏ1 ரோடு பக்கத்துல தான் போகுது, காத்து திரும்பினா லாரி சத்தம் கேக்குது, அத விட்டா ஆடு சத்தம் தான்.

வீடு நான் நெனச்சத விட சின்னது. வெளிர் சுண்ணாம்புக்கல்லு, ரெண்டு மாடி, கல்லாலயே கம்பி போட்ட மாதிரி பிரிச்ச சன்னல்கள். நான் கேமராவ எடுத்துட்டு முன்னாடி நிக்கறேன், சித்தப்பாவ காணோம். பின்பக்கம் கொட்டகை பக்கம் போய் சுவரோட அடிய தட்டி பாத்துட்டு இருக்கார். "வீட்ட பின்னாடி இருந்து பாக்கணும்டா, முன்பக்கம் வர்றவனுக்கு காட்டறது, பின்பக்கம் தான் இருக்கறவன் பொழைப்பு"ன்னார். அதுக்கப்புறம் நானும் அப்படியே பாக்க ஆரம்பிச்சிட்டேன். அதனால இந்த போஸ்ட்ல ஆப்பிள் லேட்டா தான் வரும், கோச்சிக்காதீங்க.

இந்த பண்ணைய 1623ல வாங்கினது நியூட்டனோட தாத்தா ராபர்ட். பிரபுக்கள் எல்லாம் இல்ல, தலைமுறைக்கு கொஞ்சம் கொஞ்சமா நெலம் சேத்த விவசாயிங்க. அவர் மகன் பேரும் ஐசக் நியூட்டன் தான், அப்பா ஐசக். எழுத படிக்க தெரியாது, பத்திரத்துல பேருக்கு பதிலா ஒரு கோடு கீறி அடையாளம் போட்டவர். 1642 ஏப்ரல்ல ஹன்னா ஐஸ்கஃப்ங்கற பொண்ண கட்டினார், அக்டோபர்ல செத்துட்டார். ஆறு மாசக் குடித்தனம். அவர் விட்டுட்டு போனதுக்கு லிஸ்ட் இருக்கு, இருநூத்துக்கு மேல ஆடு, நாப்பதுக்கு மேல மாடு, களஞ்சியத்துல தானியம். "இருநூறு ஆடா! அப்ப கஷ்டப்பட்ட குடும்பம்னு ஸ்கூல்ல சொன்னதெல்லாம்?"ன்னு சித்தப்பா. கஷ்டம் வேற மாதிரி. அந்த ஆகஸ்ட்ல தான் இங்கிலாந்துல ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சிருந்துச்சு, இங்க ஒரு பொண்ணு வயித்துல ஆறேழு மாசம், புருஷன் போய்ட்டான், மேய்ச்சலுக்கு இருநூறு ஆடு நிக்குது.

மாடியேறினா பொறந்த ரூம். அந்த ஊர் கணக்குல 1642 டிசம்பர் 25 ராத்திரி, நம்ம இப்போதைய காலண்டருக்கு 1643 ஜனவரி 4. கொறமாசப் பிள்ளை. ஒரு குவார்ட் பானைக்குள்ள அடங்கிடுவானாம், அதாவது ஒரு லிட்டருக்கு கொஞ்சம் மேல புடிக்கற சொம்பு. கழுத்து நிக்காம முட்டுக்கு துணி சுத்தி வச்சிருக்காங்க. இது நியூட்டனே வயசான காலத்துல சொன்னது. அதோட இன்னொண்ணும் சொல்லியிருக்கார், எனக்கு இந்த பயணத்துலயே ரொம்ப புடிச்சது அது தான்: பிள்ளைக்கு ஏதோ வாங்கிட்டு வரச் சொல்லி நார்த் விதம்ல இருக்கற ஒரு பெரிய வீட்டம்மா கிட்ட ரெண்டு பொம்பளைங்கள அனுப்பினாங்களாம், அவங்க பாதி வழியில வேலி தாண்டற கல்லுப்படியில ஒக்காந்து, அவசரமா போய் என்ன ஆகப்போகுது, நாம திரும்பறதுக்குள்ள அது போய் சேந்திருக்கும்னு பேசிட்டு இருந்திருக்காங்க. அந்த பிள்ளை 84 வயசு வரைக்கும் இருந்துச்சு.

கீழ ஹால்ல கணப்படுப்பு பக்கத்து சுவர் தான் நான் அதிக நேரம் நின்ன எடம். சுவர் பூச்சுல கீறல்கள். 1920கள்லயும் 30கள்லயும் இங்க குடியிருந்த குத்தகைக்காரங்க பழைய வால்பேப்பர உரிச்சப்ப தான் மொதல்ல வெளிய வந்துச்சாம். 2017ல பல பக்கத்துல இருந்து வெளிச்சம் அடிச்சி நூத்துக்கணக்குல போட்டோ எடுத்து சேத்து பாத்ததுல கண்ணுக்கு தெரியாத இன்னொரு கீறல் கெடச்சிருக்கு. காத்தாலை! நேத்து சொன்னேன்ல. வெறும் கண்ணால ஒண்ணும் தெரியல, உண்மைய சொல்றேன், சுண்ணாம்பு சுவரு தான் தெரிஞ்சிச்சு. சித்தப்பா போன் டார்ச்ச எடுத்து சாச்சி அடிக்க போனார், அங்க இருந்த வயசான வாலன்டியர் அம்மா சிரிச்சிக்கிட்டே கைய காட்டி நிறுத்திட்டாங்க, பக்கத்துல இருந்த படத்துல காட்டினாங்க. பெரியவங்க யாரோ திட்டிருப்பாங்க, சுவத்துல ஏன்டா கிறுக்கறன்னு.

இப்ப சித்தப்பாவுக்கு புடிச்ச பார்ட். பையன் 16, 17 வயசு ஆனதும் ஹன்னா படிப்ப நிறுத்தி பண்ணைய பாத்துக்கன்னு கூப்ட்டுக்கிட்டாங்க. அவங்க பாக்கற பார்வையில அது தப்பே இல்ல, மூத்த பையன், நெலம் அவனுக்கு தான். ஆனா ஐயா ஆட்ட மேய விட்டுட்டு மரத்தடியில புக்கோட ஒக்காந்துக்குவார், இல்லன்னா ஓடையில தண்ணி சக்கரம் செஞ்சி விடுவார், ஆடு அடுத்தவன் காட்டுல. 1659 அக்டோபர்ல ஊர் பஞ்சாயத்து மாதிரி இருந்த மேனர் கோர்ட்ல அபராதம் போட்டிருக்காங்க: ஆடு அடுத்தவன் நெலத்த நாசம் பண்ணதுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ், பன்னி தானியக்காட்டுக்குள்ள போனதுக்கு 1 ஷில்லிங், வேலிய சரி பண்ணாம விட்டதுக்கு இன்னொரு 1 ஷில்லிங். சித்தப்பா இத கேட்டு அப்படி சிரிச்சார், பக்கத்துல இருந்த வெள்ளக்கார குடும்பம் திரும்பி பாத்துச்சு. "வேலி கூடவா கட்ட தெரியல?"

கடைசில பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் ஸ்டோக்ஸும் அம்மாவோட அண்ணன் தம்பி முறையில ஒரு பாதிரியாரும் பேசி தான் திரும்ப படிக்க அனுப்பினது, ஃபீஸ் 40 ஷில்லிங்க கூட ஹெட்மாஸ்டர் வேணாம்னு சொல்லியிருக்கார். பையன் கெளம்பறப்ப பண்ணையாளுங்களுக்கு ஒரே சந்தோஷமாம், இவன் யுனிவர்சிட்டிக்கு தான் லாயக்கு வேற எதுக்கும் ஆக மாட்டான்னு. 1661 ஜூன்ல கேம்பிரிட்ஜ், டிரினிட்டி காலேஜ்.

இங்க தான் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "சரி, அவன் படிக்க போய்ட்டான். இந்த நெலத்த யார்றா பாத்துக்கிட்டா?"

நான் படிச்சிட்டு வந்த எதுலயும் இது ஒரு கேள்வியாவே இல்ல. ஆனா பதில் நேரா இருக்கு, ஹன்னா தான். 1661ல இருந்து 1679ல சாகற வரைக்கும். ரெண்டாவது புருஷன் செத்து மூணு பிள்ளைங்களோட (மேரி, பெஞ்சமின், சின்ன ஹன்னா) இந்த வீட்டுக்கே திரும்பி வந்து, ஆளுங்கள வச்சி, ஆடு மாடு குத்தகை எல்லாத்தயும் அவங்க தான் ஓட்டினாங்க. மகனுக்கு அவங்க எழுதின ஒரு லெட்டர் மிச்சம் இருக்கு, 1665 மே 6. ஓரம் கிழிஞ்சது. ஐசக்குன்னு கூப்ட்டு, லெட்டர் வந்துச்சு, துணி பத்தி ரெண்டு வார்த்த, தங்கச்சிங்க அன்ப சொல்ல சொன்னாங்க, உனக்காக சாமி கும்பிட்டுக்கறேன், அன்புள்ள அம்மா ஹன்னா. அவ்ளோதான். ஸ்பெல்லிங் எல்லாம் காதுல கேட்ட மாதிரி, ஊர் பேரயே வுல்ஸ்ட்ரப்னு தான் எழுதியிருக்காங்க. எழுத கத்துக்கிட்டதே பெரிசு, புருஷன் கோடு கீறின ஆளு.

அந்த லெட்டர் போய் சில மாசத்துல பிளேக் வந்து கேம்பிரிட்ஜ மூடிட்டாங்க, மகன் வீட்டுக்கு வந்துட்டார். நடுவுல கொஞ்ச நாள் திரும்பி போனத தவிர 1667 ஏப்ரல் வரைக்கும் இங்க தான். கால்குலஸ், ஒளி, ஈர்ப்பு எல்லாத்துக்கும் அடித்தளம் அந்த காலத்துல தான்னு சொல்வாங்க. சன்னல் கதவுல சின்ன ஓட்டை போட்டு, வெளிச்சத்த பிரிசம் வழியா விட்டு, 22 அடி தள்ளி சுவத்துல நெறத்த பிரிச்சு பாத்த சோதனைய மாடி ரூம்ல காட்டறாங்க, அது இந்த ரூமா இல்ல கேம்பிரிட்ஜ் ரூமாங்கறதுல வரலாறு எழுதறவங்களுக்குள்ள சண்டை ஓயல. எனக்கு அத விட அந்த நோட்டு தான் சுவாரசியம். ஹன்னாவோட ரெண்டாவது புருஷன் பாதிரியார், மதக் குறிப்பு எழுத தடியா ஒரு நோட்டு தச்சி வச்சிருந்தார், தலைப்பு மட்டும் போட்டுட்டு முக்காவாசி காலி. காயிதம் அப்ப வெல அதிகம். அவர் செத்தப்புறம் அது நியூட்டன் கைக்கு வந்து, அந்த காலி பக்கங்கள்ல தான் கால்குலஸ் கணக்கு. அதுக்கு அவர் வச்ச பேரு வேஸ்ட் புக். புடிக்காத மாற்றாந்தகப்பன் நோட்டுல!

சரி, ஆப்பிள். வீட்டுக்கு முன்னாடி தோட்டத்துல, கம்பு பின்னின வட்ட வேலிக்குள்ள. செப்டம்பர் கடைசிங்கறதால கீழ பழம் விழுந்து கெடக்குது, ஃப்ளவர் ஆஃப் கென்ட்ங்கற ரகம், சமையலுக்கு போடற ஆப்பிள், பச்சையா சாப்ட ரொம்ப சுகப்படாதாம். நியூட்டன் தலையில எல்லாம் விழல, 1726 ஏப்ரல்ல சாப்பாட்டுக்கு அப்புறம் லண்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல ஆப்பிள் மரத்தடியில ஒக்காந்து ஸ்டூக்லிங்கற நண்பர் கிட்ட பழம் விழுந்தத பாத்து யோசிச்சத அவர் சொன்னார், ஸ்டூக்லி எழுதி வச்சார். மரம் 1820 புயல்ல சாஞ்சிடுச்சு. ஒடஞ்ச கட்டைல நாற்காலி கூட செஞ்சிட்டாங்க, ஆனா வேர் மண்ணுலயே இருந்ததால சாஞ்ச எடத்துல இருந்து மறுபடி தழைச்சிருச்சு. அதோட ஒரு துண்டு 2010ல அட்லாண்டிஸ் விண்கலத்துல ஸ்பேசுக்கே போய்ட்டு வந்துச்சு. சித்தப்பா சாஞ்சி கெடக்கற அடிமரத்த ரொம்ப நேரம் பாத்துட்டு "வெட்டி எடுக்காம விட்டான் பாரு, அவன் தான் வெவசாயி"ன்னார்.

அந்த "அவன்" யாருன்னா, குத்தகைக்காரன். கதை இப்படி: 1679ல மகன் பெஞ்சமினுக்கு காய்ச்சல்னு ஸ்டாம்ஃபர்டுக்கு பாத்துக்க போன ஹன்னாவுக்கும் ஒட்டிக்கிச்சு. நியூட்டன் வந்து ராத்திரி பூரா முழிச்சி, கொப்புளத்துக்கு தன் கையால மருந்து கட்டியிருக்கார். பொழைக்கல. பண்ணை நியூட்டனுக்கு, அவர் குத்தகைக்கு விட்டுட்டு கேம்பிரிட்ஜ் போய்ட்டார். 1727ல அவர் செத்தப்ப கல்யாணம் இல்ல வாரிசு இல்ல, சட்டப்படி ஜான் நியூட்டன்னு ஒரு தூரத்து சொந்தத்துக்கு போச்சு. அவரு சேவச்சண்ட, குதிரைப் பந்தயம், குடின்னு சீக்கிரமே வித்து தின்னுட்டார், 1737ல குடிச்சிட்டு விழுந்து வாயில இருந்த புகைக்குழாய் தொண்டையில குத்தி செத்தாராம். அதுக்கு முன்னாடியே 1733ல பண்ணை டர்னர்ங்கற நெலக்கிழார் குடும்பத்து கைக்கு வந்துருச்சு, அவங்க கிட்ட குத்தகைக்கு தலைமுறை தலைமுறையா இருந்தவங்க வூலர்ட்டன் குடும்பம். இந்த வீட்ல நியூட்டன் இருந்த மொத்த வருஷத்த கூட்டினாலும் அவங்க இருந்த காலத்து பக்கத்துல நிக்காது. ஆடு மேய்ச்சதும், அறுவடை பண்ணதும், எங்கயோ இருந்து வர்ற பெரிய மனுஷங்களுக்கு மரத்த காட்டினதும், வால்பேப்பர உரிச்சதும் எல்லாம் குத்தகைக்கு இருந்த வீட்டு ஆளுங்க. 1943ல பழைய வீடுங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கைக்கு வந்துச்சு.

கெளம்பறப்ப சித்தப்பா பின்பக்கம் இன்னொரு தடவ போய்ட்டு வந்தார். கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல.

நாள் 3

சின்ன போஸ்ட், பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து டைப் பண்றேன்.

காலைல கோல்ஸ்டர்வர்த் சர்ச்சு. நியூட்டனுக்கு ஞானஸ்நானம் குடுத்த எடம், ஹன்னாவ 1679 ஜூன்ல பொதச்சதும் இங்க தான். உள்ள ஒரு கல்லு சூரியக்கடிகாரம், நியூட்டன் ஒம்போது வயசுல வெட்டினதுன்னு சொல்றாங்க, வீட்ல இருந்து கொண்டு வந்தது. கொண்டு வந்தவங்க தலைகீழா பதிச்சிட்டாங்க! அதுவும் ஆர்கன் பின்னாடி, வெயிலே படாத மூலையில. சூரியக்கடிகாரத்த சூரியன் இல்லாத எடத்துல தலைகீழா மாட்டறதுக்கு தனித் திறமை வேணும்.

அதுக்கப்புறம் தான் இந்த பயணத்துல பிளான்ல இல்லாத ஒண்ணு. ஹன்னாவோட ரெண்டாவது கல்யாணத்த நேத்து மேலோட்டமா விட்டுட்டேன். 1646 ஜனவரி, நார்த் விதம் பாதிரியார் பார்னபஸ் ஸ்மித், வயசு 63. பையனுக்கு மூணு வயசு. பையன் பேர்ல கொஞ்சம் நெலம் எழுதி வைக்கணும், வூல்ஸ்தார்ப் வீட்ட சரி பண்ணி குடுக்கணும்னு பேசி முடிச்சிருக்காங்க, ஆனா பையன் கூட வரல. பாட்டி மார்ஜரி வந்து அந்த வீட்ல அவன வளத்தாங்க. 1653ல ஸ்மித் சாகற வரைக்கும் ஏழு வருஷத்துக்கு மேல. 19 வயசுல கேம்பிரிட்ஜ்ல நியூட்டன் தான் பண்ண பாவத்த எல்லாம் ஒரு நோட்டுல லிஸ்ட் போட்டிருக்கார், அம்மா பொட்டியில இருந்து பிளம்ஸும் சக்கரையும் திருடினது, தங்கச்சிய கைய மடக்கி குத்தினது, இதெல்லாம் இருக்கு, நடுவுல ஒண்ணு: ஸ்மித் அப்பாவையும் அம்மாவையும் வீட்டோட சேத்து கொளுத்திடுவேன்னு மெரட்டினது.

இத சொன்னதும் சித்தப்பா கேட்டார், "அந்த ஊர் எவ்வளவு தூரம்?" ஒன்றரை மைல்னு சொன்னேன். வா நடந்து பாப்போம்னுட்டார்.

வூல்ஸ்தார்ப் வீட்டு வாசல்ல இருந்தே கெளம்பினோம், அது அவர் கண்டிஷன். மேகமூட்டம், மழை இல்ல, ரெண்டு பக்கமும் வெட்டின தாள் நிக்கற வயல், ரொம்ப சாதாரண நடை, போட்டோ எடுக்க கூட ஒண்ணும் இல்ல. சித்தப்பா ரெண்டு தடவ நின்னு மண்ண கையில எடுத்து பாத்தார். நார்த் விதம் சர்ச்சு தெரிஞ்சதும் வாட்ச பாத்தார். நாப்பது நிமிஷம், அதுவும் அவர் முட்டியோட.

சர்ச்சு மதில்ல ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு ரொம்ப நேரம் வந்த வழியயே பாத்துட்டு இருந்தார்.

"காலைல பால கறந்து வச்சிட்டு வந்து பிள்ளைய பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள திரும்பிரலாமேடா"ன்னார்.

பஸ் வருது. திரும்ப நடக்கலாமான்னு கேக்கறார், நான் தான் வேணாம்னுட்டேன்.